நரி எழும்பிய கிழமை

உடற்பயிற்சிப் பாடத்துக்கு இந்தத் தவணை
பந்தும் இல்லை, விசிலும் இல்லை.
லக்ரோய் சேர் எங்கள் எல்லாருடைய போனிலும்
ஒரு செம்மஞ்சள் நரியை இறக்கச் சொன்னார்.
கையில் கட்ட ஒரு கறுப்புப் பட்டி.
பள்ளிக்கூடத்துச் சொத்து,
தொலைத்தால் நாற்பது டொலர்.

நடந்தால் நரி எழும்பும்,
பத்தாயிரம் அடிக்கு வாலை ஆட்டும்.
இருந்தால் சுருண்டு படுத்து
மூக்கை வாலுக்குள் புதைத்து
என்னைப் பாராமலே பெருமூச்சு விடும்.

என்னுடையது ஜனவரி முழுக்கப் படுத்தே கிடந்தது.
ஸ்காபரோவில் மைனஸ் பத்தொன்பது,
நரிக்கென்ன, போனுக்குள் வெக்கை.
வகுப்புப் பட்டியலில் முப்பது பேரில்
நான் முப்பதாவது.
இருபத்தொன்பதாவது
கால் முறிந்து மாக்கட்டுப் போட்ட டெவோன்.

ஆரணன் பட்டியை நாயின் கழுத்தில் கட்டினான்.
மெலிசா துணி உலர்த்தும் மெஷினுக்குள் எறிந்தாள்,
இருபது நிமிடச் சுழற்சிக்கு
நரி அவளுக்கு ‘மலையேறி’ என்று பட்டம் கொடுத்தது.
எங்கள் வீட்டில் நாய் இல்லை.
மெஷினுக்குக் காசு போட வேண்டும்.

எங்கள் வீட்டில்
அம்மா இருந்தா.

பின்னேரம் மூன்று முதல் இரவு பதினொன்று வரை
எல்ஸ்மியர் ரோட்டு முதியோர் இல்லம்,
மூன்றாம் மாடி, முப்பத்திரண்டு கட்டில்.
“என்ன பிள்ளை இது?”
“ப்ராஜெக்ட்,” என்றேன்.
படிப்பு என்று சொன்னால் அம்மா
எந்தக் கையையும் நீட்டுவா.

அன்று இரவு
சப்பாத்து முழுக்க ரோட்டு உப்போடு வந்தா.
கோப்பையை ஏந்தி நின்றபடியே சாப்பிட்டா.
“இருங்கோவன் அம்மா.”
“இருந்தா எழும்ப ஏலாது.”

போனில் நரி
பின்னங்கால்களில் நின்று ஆடியது.
பத்தொன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
ஆறுகளைத் தாண்டினாயாம், காடுகளைக் கடந்தாயாம்.
வரைபடத்தைத் திறந்தேன்.
ஆறும் இல்லை, காடும் இல்லை.
ஒரே ஒரு நடைகூடம்,
கோபத்தில் குழந்தை பென்சிலை அழுத்தினமாதிரி
கோட்டின் மேல் கோட்டின் மேல் கோடு.

ஒன்பது பத்திலிருந்து பதினெட்டு நிமிடம் மட்டும்
ஓர் அடியும் இல்லை.
‘ஓய்வு’ என்று நரி எழுதியிருந்தது.
“ஒன்பது பத்துக்கு எங்க இருந்தனீங்கள்?”
அம்மா யோசித்தா.
“மிஸிஸ் கோவல்ஸ்கி. கையைப் பிடிச்சவ,
விடேல்லை.”

ஒரு கிழமையில் நான் முதலாவது.
லக்ரோய் சேர் கைதட்டினார், வகுப்பும் தட்டியது.
டெவோன் மட்டும்
என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
புதுசாகவே இருந்தது அது.

வியாழன் இரவு, நான் சத்தத்தைக் குறைக்க மறந்து
நரி சமையலறையில் வாய் திறந்தது.
“ஆர் கதைக்கிறது?”
“நரி. சபாஷ் சொல்லுது.”
“ஆருக்கு?”

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.
“உங்களுக்கு,” என்றேன்.

அம்மா குழாயைப் பூட்டினா,
ஈரக் கையைச் சட்டையில் துடைத்தா,
போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்தா.
“இன்னொருக்காச் சொல்லச் சொல்லு.”

அதற்குப் பிறகு பட்டியை நான் கொடுக்க வேண்டியதில்லை,
தானே எடுத்துக் கட்டினா.
நரியை அம்மாவின் போனுக்கு மாற்றிவிட்டேன்.
இப்போது சில இரவுகளில்
ஒரு தரிப்பிடம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கிறாவாம்.
“அறுநூறுதான் குறையுது. பாவம், அது படுத்திடும்.”
எனக்குச் சிரிப்பு வந்தது,
பிறகு வரவில்லை.

திருப்பிக் கொடுக்கிற நாள் வந்தது.
“தொலைச்சிட்டேன் சேர்.”
அவர் பேரேட்டில் என் பெயருக்கு நேரே
ஒரு பூச்சியமும், நாற்பதும் எழுதினார்.

சனிக்கிழமை முழங்கால் வரை ஸ்னோ.
எங்கள் தெருவில் நாலு வீடு,
வீட்டுக்குப் பத்து டொலர்.
கடைசி வீட்டில் சவலின் பிடி உடைந்தது,
மிச்சத்தைக் காலால் தள்ளினேன்.
தோள் எரிந்தது, மூக்கு உணர்வற்றுப் போயிற்று,
ஜாக்கெட்டுக்குள் வியர்வை.

எத்தனை அடி என்று
எனக்குத் தெரியாது.